நெப்போலியன் கையெழுத்துப் போட்டிருந்தால்: காதல் நாவலை மாற்று வரலாற்றில் எழுத ஒரு வழிகாட்டி

ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவலில் மூன்றாம் அத்தியாயம் ஒரு வக்கீலின் பேச்சோடு தொடங்குகிறது. ஷெப்பர்ட் என்பவர் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, கடனில் மூழ்கிய சர் வால்டர் எலியட்டிடம் சொல்கிறார்: இப்போது அமைதி வந்துவிட்டது, காசுள்ள கடற்படை அதிகாரிகள் எல்லாரும் கரைக்கு வருவார்கள், அவர்களுக்கு வீடு வேண்டும்.

இந்தப் பேச்சு இல்லையென்றால் நாவலே இல்லை. சர் வால்டரின் கெல்லிஞ்ச் ஹால், அட்மிரல் கிராஃப்டுக்கு வாடகைக்குப் போயிருக்காது. கிராஃப்டின் மனைவியுடைய தம்பி கேப்டன் வெண்ட்வொர்த் அந்த ஊர்ப்பக்கம் திரும்பி வந்திருக்க மாட்டார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவரைக் காதலித்து, பெரியவர்கள் பேச்சைக் கேட்டு அவரை வேண்டாமென்று சொன்ன சர் வால்டரின் மகள் ஆன் எலியட், இருபத்தேழு வயதில் அப்படியே இருந்திருப்பாள்.

மாற்று வரலாற்றில், அதாவது வரலாற்றில் ஒரு நிகழ்வு வேறு மாதிரி நடந்திருந்தால் என்று வைத்துக்கொண்டு, காதல் நாவலை மறுபடி எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். நாம் நெஞ்சில் வைத்துக் கொண்டாடும் காதல் கதை, ஏதோ ஒரு வரலாற்று ஆணியில் மாட்டித் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த ஆணி எதுவென்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பலர் இதைச் செய்யாமலே எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். உடை மாறுகிறது, வானத்தில் நீராவிக் கப்பல் பறக்கிறது, கதை மட்டும் பழையபடியே நடக்கிறது. வரலாறு மாறியதால் அந்தக் காதலர்களுக்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதமாகவில்லை என்றால், அந்த மாற்றம் கதைக்குத் தேவையே இல்லை.

இந்தக் கட்டுரை முழுக்க ‘பெர்சுவேஷன்’ ஒன்றையே வைத்துப் பேசுகிறேன். பழகுவதற்கு இதைவிட நல்ல நாவல் எனக்குத் தெரியவில்லை. காரணம், ஆஸ்டின் இதில் தேதிகளை வெளிப்படையாகவே கொடுத்திருக்கிறார்.

முதல் படி: ஆணியைத் தேடுவது

நாவலை ஒருமுறை கதைக்காகப் படியுங்கள். அப்புறம் பென்சிலோடு இரண்டாவது முறை படியுங்கள். வெளியுலகம் கதைக்குள் நுழைகிற ஒவ்வொரு இடத்திலும் கோடு போடுங்கள். ‘பெர்சுவேஷனில்’ நான் போட்ட கோடுகளில் சில இவை.

1806 பிப்ரவரி 6: செயின்ட் டொமிங்கோ கடற்போர். இதில் பங்கெடுத்ததால் வெண்ட்வொர்த் கமாண்டர் ஆகிறார். ஆனால் உடனே கப்பல் கிடைக்கவில்லை. சும்மா இருக்கும் அந்த அரை வருஷத்தில் சாமர்செட் வருகிறார், ஆன் எலியட்டைச் சந்திக்கிறார். போர் பெயரைக் கொடுத்தது, நிர்வாகத் தாமதம் காதலைக் கொடுத்தது!

1808: சில ஆயிரம் பவுண்டு கையில், கேப்டன் பதவி, லகோனியா என்ற ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல். அடுத்த சில வருஷங்களில் எதிரிக் கப்பல்களைப் பிடித்த பரிசுப் பணத்தால் அவர் சொத்து 25,000 பவுண்டு ஆகிறது.

1814 கோடை: நெப்போலியன் ஏப்ரலில் பதவி இறங்கி எல்பாத் தீவுக்குப் போய்விட்டான். கடற்படை கலைகிறது. கதை இங்கேதான் தொடங்குகிறது.

1815 பிப்ரவரி: பாத் நகரில் வெண்ட்வொர்த் தன் மனதைத் திறந்து ஆனுக்குக் கடிதம் எழுதுகிறார், காதலர்கள் சேர்கிறார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நெப்போலியன் எல்பாவிலிருந்து தப்பிக் கிளம்பினான். நாவலுக்குள் யாருக்கும் இது தெரியாது. 1817 டிசம்பரில் புத்தகம் வெளிவந்தபோது வாங்கிப் படித்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அட்மிரல் கிராஃப்ட் வேறு, இன்னொரு போரைப் பார்க்கும் அதிர்ஷ்டம் நமக்கு இருந்தால் என்று ஒரு இடத்தில் உற்சாகமாகப் பேசுகிறார். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

இப்படிக் கோடு போட்டு முடித்தால், உங்கள் நாவலுக்கு நான்கைந்து ஆணிகள் கிடைக்கும். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ எடுத்தால், சொத்து ஆண் வாரிசுக்கே போகும் என்ற ஏற்பாடு ஒரு ஆணி. மெரிட்டன் ஊரில் மிலிஷியா என்ற உள்நாட்டுப் படை வந்து தங்கியது இன்னொன்று. எந்த நாவலிலும் சட்டம், போர், தபால், பணம் ஆகிய இந்த இடங்களில் தேடினால் ஆணி அகப்படும்.

இரண்டாம் படி: எது மாற்று வரலாறு என்று தெளிவாவது

புதியவர்கள் இங்கே குழம்புவது இயல்பு. 1808இல் கையில் காசு வந்ததும் தான் ஆனுக்குக் கடிதம் எழுதியிருந்தால் அவள் மறுபடி சம்மதித்திருப்பாளா என்று வெண்ட்வொர்த்தே கடைசியில் கேட்கிறார். சம்மதித்திருப்பாள் என்பது அவள் பதிலிலேயே தெரிகிறது. அவர் எழுதியதாக வைத்து நீங்கள் ஒரு கதை எழுதலாம், அழகாகவும் வரும். ஆனால் அது மாற்று வரலாறு ஆகாது. ஒரு மனிதர் எடுத்த முடிவு மட்டும்தான் அதில் மாறுகிறது, உலகம் அப்படியே இருக்கிறது. இதைக் கிளைக்கதை என்று சொல்லிக்கொள்ளலாம்.

மாற்று வரலாற்றில் செய்தித்தாளில் வரும் விஷயம் மாற வேண்டும். அந்த மாற்றம் கதாபாத்திரங்கள் யாருடைய கையிலும் இருக்கக் கூடாது. அவர்கள் அதற்குள் மாட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: ஒரே ஒரு மாற்றம்

நான் முதன்முதலில் முயன்றபோது போரை நீட்டினேன். நெப்போலியன் தோற்கவில்லை, 1820 வரை சண்டை. கேட்க நன்றாக இருந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் கதை நின்றுவிட்டது. போர் நடந்தால் வெண்ட்வொர்த் கடலில் இருப்பார், ஆன் எலியட் வீட்டில் இருப்பாள், இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார வழியே இல்லை. ஆணியை அசைக்கலாம். பிடுங்கிவிட்டால் படம் கீழே விழுந்துவிடும்.

அதனால் இன்னும் சிறிய மாற்றத்தைத் தேடினேன். 1814 பிப்ரவரி 5 முதல் மார்ச் 19 வரை ஷாத்தியோன் என்ற ஊரில் சமாதானப் பேச்சு நடந்தது. பிரான்ஸ் புரட்சிக்கு முந்தைய எல்லைக்குள் சுருங்கிக்கொண்டால் நெப்போலியன் அரியணையில் நீடிக்கலாம் என்பது அவனை எதிர்த்த நேச நாடுகள் சொன்ன விலை. தன் தூதர் கோலன்கூருக்கு முதலில் முழு அதிகாரம் கொடுத்திருந்தான் நெப்போலியன். பிப்ரவரி நடுவில் சாம்போபேர், மோன்மிராய் போர்களில் அடுத்தடுத்து ஜெயித்ததும் அந்த அதிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான். இரண்டு மாதத்தில் எல்லாமே போனது.

கோலன்கூர் அந்த ஜெயிப்புகளுக்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டதாக வையுங்கள். அவ்வளவுதான் மாற்றம். அமைதி வருகிறது, அதுவும் சில வாரம் முன்னதாகவே. ஆனால் பாரிஸில் நெப்போலியன் உட்கார்ந்திருக்கிறான்.

நல்ல மாற்றத்துக்கு எனக்குத் தெரிந்த அடையாளம் இதுதான்: நிஜத்தில் நடக்க ஒரு வாரமே பாக்கியிருந்தது என்று வாசகர் நம்ப வேண்டும்.

நான்காம் படி: விளைவைத் தொடர்ந்து போவது

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். அவசரப்படாதீர்கள்.

நிஜ வரலாற்றில் கடற்படை எப்படிச் சுருங்கியது பாருங்கள். 1813ஆம் ஆண்டுக்கு நாடாளுமன்றம் அனுமதித்த ஆள்பலம் 1,40,000 பேர். 1817க்கு 19,000. கப்பல்களைக் கட்டிப் போட்டுவிட்டு அதிகாரிகளை அரைச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வெண்ட்வொர்த் இஷ்டப்படி அக்கா வீட்டில் தங்கி, லைம் கடற்கரைக்குப் போய், பாத்துக்கு வந்து மாதக்கணக்கில் சுற்ற முடிந்தது அதனால்தான். இந்த நாவலின் மெதுவான நடைக்கு அரைச் சம்பளமும் ஒரு காரணம்.

நம் கதையின் உலகத்தில் அது நடக்காது. 1802 மார்ச்சில் பிரிட்டனும் பிரான்ஸும் ஆமியான் நகரில் கையெழுத்துப் போட்ட சமாதானம் பதினான்கு மாதம்கூடத் தாங்கவில்லை என்பது லண்டனில் எல்லாருக்கும் நினைவிருக்கும். நெப்போலியன் அரியணையில் இருக்கும்போது கடற்படையைக் கலைக்க யாருக்கும் துணிவு வராது. லகோனியா பிளிமத் துறைமுகத்தில் ஆட்களோடு, தயாராக நிற்கும். வெண்ட்வொர்த்துக்கு முழுச் சம்பளம், அதோடு கடமையும். அக்காவைப் பார்க்க வர வேண்டுமானால் விடுப்பு கேட்க வேண்டும்.

அட்மிரல் கிராஃப்ட்? அவர் வந்துவிடுவார். கிழக்கிந்தியப் பகுதியில் பல வருஷம் இருந்து திரும்பியவர், கையில் காசு இருக்கிறது. அந்தக் காலக் கடற்படையில் அட்மிரல்கள் அதிகம், அவர்களுக்கான பொறுப்புகள் குறைவு. போர்க்காலத்திலேயே பலர் வேலையில்லாமல் கரையில் இருந்தார்கள். ஆக கெல்லிஞ்ச் ஹாலுக்கு வாடகைக்காரர் கிடைத்துவிட்டார். மைக்கல்மஸ் வாக்கில், அதாவது செப்டம்பர் கடைசியில், நாவலில் உள்ளபடியே குடிவரலாம்.

இதை எழுதிப் பார்த்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அக்கா வீடு ஊரில் இருக்கிறது. தம்பி அங்கே வர முடியும், ஆனால் எண்ணிச் சில நாள்களுக்குத்தான். ஆஸ்டின் தன் காதலர்களுக்கு நேரத்தை அள்ளிக் கொடுத்தார், அவர்கள் தயக்கத்தில் அதை வீணடித்தார்கள். நம் கதையில் தயக்கம் அப்படியே இருக்கும், நேரம் இருக்காது. கதையின் இதயம் கிடைத்துவிட்டது.

(இந்தக் கடற்படை விவரமெல்லாம் ஆஸ்டினுக்கு வீட்டுப் பேச்சு. அண்ணன் ஃபிரான்சிஸ் செயின்ட் டொமிங்கோ போரில் இருந்தவர். தம்பி சார்ல்ஸ் 1852இல் பர்மாவில் ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே இறந்தார். அவர் கல்லறை நம் திருகோணமலையில் இருக்கிறது.)

ஐந்தாம் படி: பணக்கணக்கு

காதல் நாவலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் மாற்று வரலாறு எழுதக் கூடாது. வெண்ட்வொர்த்தின் 25,000 பவுண்டு பிடித்த கப்பல்களில் கிடைத்த பங்கு. 1808க்கு முன் பரிசுப் பணத்தில் கேப்டனுக்கு எட்டில் மூன்று பங்கு. மேலே அட்மிரல் இருந்தால் அதில் ஒன்று அவருக்குப் போகும். 1808இல் விதியை மாற்றி எட்டில் இரண்டாக்கினார்கள், அட்மிரலின் பங்கும் அதற்குள்தான். வெண்ட்வொர்த் லகோனியாவில் ஏறியதும் அதே வருஷம்! அந்த விதி மாறாமல் இருந்தால் அவர் இன்னும் பணக்காரர். மகாராஜாக்களைத் தொடாமல், சட்டத்தின் ஒரு வரியை மட்டும் மாற்றி எழுத விரும்புகிறவர்களுக்கு இது இன்னொரு நல்ல தொடக்கம்.

ஆனின் பள்ளித்தோழி திருமதி ஸ்மித்துக்கு வர வேண்டிய பணம் மேற்கிந்தியத் தீவுகளில் கணவர் விட்டுப்போன சொத்தில் முடங்கிக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே சொத்து என்றால் அடிமைகளின் உழைப்பு. பிரிட்டன் 1807இல் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது, அடிமை முறையை விட்டுவைத்தது. ஆஸ்டின் அதை ஒரு வரியில் கடந்து போனார். வரலாற்றைத் திருத்தி எழுத உட்கார்ந்த நாம் அப்படிக் கடந்து போகக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். தோழிக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் காட்சியை எழுதும்போது அது யாருடைய உழைப்பு என்பதையும் எழுதுங்கள்.

ஆறாம் படி: உலகம் மாறட்டும், குணம் மாற வேண்டாம்

லைமில் கேப்டன் ஹார்வில் ஆனிடம் சொல்லும் ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. அவர் தங்கை ஃபேனி இறந்துவிட்டாள். அவளை மணக்கவிருந்த பென்விக் கடலில் இருக்கிறார், செய்தி தெரியாது. யார் போய்ச் சொல்வது? அப்போது பிளிமத்தில் இருந்த வெண்ட்வொர்த் விடுப்பு கேட்டு எழுதிப் போட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரவு பகலாகப் பயணம் செய்து போர்ட்ஸ்மத் போய், பென்விக்கின் கப்பலுக்குப் படகு ஏறி, ஒரு வாரம் அவரை விட்டு நகரவில்லை.

நமக்கு வேண்டியது மூலநூலிலேயே இருக்கிறது! நண்பனுக்காக அனுமதி இல்லாமல் புறப்பட்டவர். அதே மனிதரை இப்போது லைமில் நிறுத்துங்கள். ஆனுடைய தங்கை கணவரின் தங்கை லூயிசா கடல்மதிலிலிருந்து விழுந்து நினைவில்லாமல் கிடக்கிறாள், அதற்குத் தான்தான் காரணம் என்று அவர் மனம் குத்துகிறது. விடுப்பு நாளையோடு முடிகிறது. நாவலில் அவருக்கு இந்த நெருக்கடி கிடையாது. நாம் கண்டுபிடித்த குணம் எதுவும் தேவைப்படவில்லை. ஆஸ்டின் கொடுத்த குணத்தைப் புது நெருக்கடியில் வைக்கிறோம்.

புதியவர்கள் அடிக்கடி செய்வது, ஆன் எலியட்டுக்குத் துப்பாக்கி கொடுத்து எதிர்த்துப் பேச வைப்பது. அவள் வலிமை வேறு மாதிரி. லூயிசா விழுந்ததும் ஆண்கள் எல்லாரும் திகைத்து நிற்க, டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று சொன்னது அவள்தான். அந்த நிதானத்தைக் கெடுக்காதீர்கள்.

ஏழாம் படி: நீயா, நீங்களா

இது ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு வராத சிக்கல், அவர்களுக்குக் கிடைக்காத வசதியும் கூட. ஆங்கிலத்தில் ஒரே சொல். நாம் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

1806இல் காதலித்தபோது வெண்ட்வொர்த் ஆனை நீ என்றிருப்பார். எட்டு வருஷம் கழித்து அதே மனிதர் நீங்கள் என்கிறார். இந்த ஒரு மாற்றத்திலேயே பிரிவு முழுவதும் கேட்டுவிடுகிறது, விவரிக்க வேண்டியதில்லை. அப்புறம் லைமில், லூயிசாவைப் பார்த்துக்கொள்ள ஆனைப் போலத் தகுதியானவர் யாருமில்லை என்று பேச்சுவாக்கில் அவள் பெயரைத் தனியாகச் சொல்லிவிடுகிறார். ஆங்கிலத்தில் பெயர் செய்யும் வேலையைத் தமிழில் நீ செய்யும். நான் எழுதிய பகுதியிலிருந்து ஒரு துண்டு:

மாடியில் டாக்டரின் காலடி நின்றுவிட்டது. வெண்ட்வொர்த் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார், திறக்காமலே திரும்ப வைத்தார். ஆனுக்கு அந்தக் கணக்கு தெரியும். இன்றிரவே வண்டி ஏறினால்தான் காலையில் பிளிமத்.

“நீங்கள் கிளம்ப வேண்டாமா?” என்றாள்.

“வேண்டும்.”

அவர் நகரவில்லை. “நீ இங்கே இருப்பாய் அல்லவா?” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது போலிருந்தது. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நெப்போலியன் பெயர் இதில் இல்லை. ஆனால் அவன் பாரிஸில் உட்கார்ந்திருப்பதால்தான் அந்தக் கடிகாரம் வெளியே வந்தது. வரலாற்றை இந்த அளவில் காட்டினால் போதும். ஒரு பக்கத்துக்கு ஒப்பந்த விதிகளை விளக்கினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். ஷெப்பர்ட் செய்தித்தாளைக் கீழே வைக்கும்போதே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம்.

எட்டாம் படி: நாள்காட்டியும் தூரமும்

ஒரு தாளில் மூன்று கட்டங்கள் போடுங்கள். நிஜத்தில் என்ன நடந்தது, நாவலில் என்ன நடந்தது, உங்கள் கதையில் என்ன நடக்கிறது. செய்தி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக எவ்வளவு நேரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1784இல் பிரிஸ்டலிலிருந்து பாத் வழியாக லண்டனுக்கு முதல் தபால் வண்டி ஓடியபோது 16 மணி நேரம் எடுத்தது. பிறகு சாலைகள் மேம்பட்டு வேகம் கூடியது.

இன்னொரு விவரம் என்னை மிகவும் கவர்ந்தது. மலைமேடுகளில் பலகைகளைத் திறந்து மூடிச் சைகை காட்டும் தந்தி வரிசை ஒன்று லண்டன் கடற்படைத் தலைமையகத்திலிருந்து போர்ட்ஸ்மத்துக்கு 1796இலும், பிளிமத்துக்கு 1806இலும் வந்தது. 1814இல் அமைதி வந்ததும் மூடினார்கள். நம் கதையில் மூட மாட்டார்கள். அதாவது வெண்ட்வொர்த் விடுப்பு முடிந்தும் திரும்பவில்லை என்ற செய்தி, வானம் தெளிவாக இருந்தால் பிளிமத்திலிருந்து நிமிஷக் கணக்கில் லண்டன் போய்விடும். பனிமூட்டமாக இருந்தால் போகாது. நவம்பர் மாதப் பனிமூட்டம் ஒரு காதலனைக் காப்பாற்றுகிற கதை எத்தனை அழகு!

சட்ட விஷயம், சுருக்கமாக

ஆஸ்டின் 1817இல் இறந்தார், அவருடைய மூலநூல்கள் யாரும் எடுத்து எழுதக்கூடியவை. குட்டன்பர்க் தளத்தில் முழு ஆங்கில நூலும் இலவசமாகக் கிடைக்கும். தமிழ் மொழிபெயர்ப்புகளுக்குத் தனிக் காப்புரிமை உண்டு. இந்தியாவில் மொழிபெயர்ப்பாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை அது நீடிக்கும். அதனால் அங்கிருந்து வாக்கியங்களை எடுக்காதீர்கள். சினிமாவில் மட்டும் வரும் காட்சிகளும் அப்படியே. மூலத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். உங்கள் கதையின் தொடக்கத்தில், எந்த நாவல், எந்த நாளில் வரலாறு பிரிகிறது என்று இரண்டு வரி முன்குறிப்பு போட்டுவிடுவது நல்லது. மூலத்தைப் படிக்காதவர்களும் வருவார்கள்.

எங்கிருந்து எழுதத் தொடங்குவது

முதல் அத்தியாயத்திலிருந்து வேண்டாம். வரலாற்று மாற்றமும் காதலும் நேருக்கு நேர் மோதும் ஒரு காட்சியை முதலில் எழுதுங்கள். எனக்கு அது லைம். ஆயிரம் சொற்களுக்குள் எழுதுங்கள். எழுதி முடித்ததும் அந்தக் காட்சியில் வரலாற்றைப் பழையபடி திருப்பி வைத்துப் படியுங்கள். வெண்ட்வொர்த் அரைச் சம்பளத்தில் இருக்கிறார், நாளைக்கு எங்கும் போக வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு படியுங்கள். வசனம் ஒன்றுகூட மாற வேண்டியதில்லை என்று தோன்றினால், முதல் படிக்குத் திரும்பிப் போய் வேறு ஆணியைப் பாருங்கள். கடிகாரத்தை வெளியே எடுக்கும் அந்த வரி பொருளில்லாமல் போகிறதென்றால், கதை பிடித்துக்கொண்டது. அப்புறம் முன்னும் பின்னும் நிரப்பிக்கொண்டே போகலாம்.

நான் இப்போது எழுதிக்கொண்டிருப்பது திருமதி கிராஃப்டின் அத்தியாயம். கணவரோடு கப்பல் கப்பலாக வாழ்ந்தவள். அவர் வடகடலில் இருந்தபோது டீல் என்ற ஊரில் தனியாகக் கழித்த ஒரு குளிர்காலத்தில் மட்டும்தான் உடம்பும் மனசும் நொந்துபோனேன் என்று நாவலில் சொல்கிறாள். தம்பிக்காக ஆனிடம் தூது போக அவளைத் தவிர வேறு யாருக்கும் தகுதியில்லை. அந்த டீல் குளிர்காலத்தை அவள் ஆனிடம் எந்த இடத்தில், எத்தனை வாக்கியத்தில் சொல்வாள் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.